மரந்தின்னியா, அல்லிதின்னியா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கனடாவின் பீவர் அணைகளைப் பற்றி எழுதும்போது, "பீவர் மரப்பட்டையைத் தின்று வாழ்கிறது" என்று ஒரே வரியில் முடித்திருந்தோம். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தண்ணீருக்குள் இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: பீவர் என்பது நம்மூர் நீர்நாய்தானே? காவிரியில் பார்த்திருக்கிறேன். அது மீன் அல்லவா தின்னும்? (திருச்சி வாசகர்)

பதில்: இரண்டும் வேறு. சில மொழிபெயர்ப்புகளில் பீவரையும் நீர்நாய் என்றே போட்டுவிடுவதால் வந்த குழப்பம் இது. காவிரியில் நீங்கள் பார்த்தது மீன் தின்னும் ஊனுண்ணி. பீவர் எலி, அணில் வகையைச் சேர்ந்த கொறிணி. வளர்ந்தால் 20 கிலோ, சில சமயம் 30 கிலோகூட எடை வரும். வட அமெரிக்காவில் ஓர் இனமும், ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் இன்னோர் இனமுமாக இரண்டே இனங்கள்தான் இருக்கின்றன. இந்தியாவில் பீவர் கிடையாது. மீன் தின்னாது, தவளை தின்னாது, நண்டும் தின்னாது. பட்டை, தளிர், இலை, புல், கிழங்கு அவ்வளவுதான். நமக்குப் பொருத்தமான தமிழ்ப்பெயர் கிடைக்கும்வரை பீவர் என்றே எழுதுவோம்.

கேள்வி: டொராண்டோவின் ரூஜ் பூங்காப் பக்கம் ஒரு பீவர் அல்லி இலையைச் சுருட்டிச் சுருட்டித் தின்பதைப் பார்த்தோம். என் மகன் "மரம் தின்னும் மிருகம்தானே?" என்று கேட்கிறான். உண்மையில் அதன் சாப்பாட்டில் நீர்ச்செடி எவ்வளவு? (ஸ்கார்பரோ வாசகி)

பதில்: நீங்கள் பார்த்தது அதன் வழக்கமான பழக்கம். மிதக்கும் இலையை இரண்டு முன்கைகளாலும் பிடித்து, ஓரங்களை உள்பக்கம் மடித்து, வெற்றிலைச் சுருள் போலாக்கி வாய்க்குள் தள்ளும். ஈரமான தட்டை இலை வாயோரத்தில் துவண்டு நழுவும். சுருட்டினால் விறைப்பாக நிற்கும், வெட்டுப்பற்களுக்கும் வாகாக இருக்கும்.

எவ்வளவு என்ற கேள்விக்குப் பல காலம் தப்பான பதில்தான் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. பட்டை உரித்த குச்சி கரையில் மாதக்கணக்கில் வெள்ளையாகக் கிடக்கும், கடித்துச் சாய்த்த மரத்தின் அடிக்கட்டை பல வருடம் நிற்கும். தின்ற அல்லி இலையோ சுவடே இல்லாமல் போய்விடும். கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணினால் மரம்தான் அதிகம் வரும்.

பிறகு ஐசோடோப்பு முறை வந்தது. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். நீருக்குள் வளரும் செடிகளிலும் தரையில் வளரும் மரங்களிலும் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதம் வேறுபடும். தின்ற உணவின் விகிதம் அப்படியே உடம்பில் பதிகிறது. ஈரலைச் சோதித்தால் அண்மை வாரங்களின் சாப்பாடு தெரியும், தசையில் பல மாதக் கணக்கு தெரியும், முடியிலும் நகத்திலும் அவை வளர்ந்த பருவம் தெரியும். மினசோட்டாவின் வாயஜர்ஸ் தேசியப் பூங்காவில் இப்படிப் பார்த்தபோது, ஆண்டு முழுவதையும் சேர்த்தால் கிட்டத்தட்டப் பாதி உணவு நீர்ச்செடிகளிலிருந்து வந்திருந்தது. கியூபெக்கின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய குளிர்ப்பகுதியில் இலையுதிர், குளிர்காலங்களிலேயே பாதிக்கு மேல். குளிர்காலத்தில் பட்டையைத் தவிர வேறு கதியில்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த பருவம் அது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு ஏரிகளும் குட்டைகளும் நிறைந்த இடங்களுக்கானது. வேகமாக ஓடும் ஆற்றங்கரையில் அல்லி வேரூன்றாது. அங்கே குடியிருக்கும் பீவர் வில்லோ மரங்களை நம்பித்தான் வாழும். மகனிடம் இரண்டும் தின்னும், பருவத்தையும் இடத்தையும் பொறுத்தது என்று சொல்லுங்கள்.

கேள்வி: மரத்தையே வெட்டும் பல் இருக்கும்போது எதற்காக மெத்தென்ற நீர்ச்செடிகளைத் தேடிப் போக வேண்டும்? எந்தெந்தச் செடி, எந்தப் பகுதி என்று விவரமாகச் சொல்ல முடியுமா? (கோவை, விலங்கியல் மாணவர்)

பதில்: பல்லால் வெட்ட முடிவது வேறு, வயிற்றால் செரிக்க முடிவது வேறு. பீவர் மரக்கட்டையைத் தின்பதில்லை. வெளிப்பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய உட்பட்டையைத்தான் சுரண்டித் தின்கிறது. அதிலும் நார் அதிகம். பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய குருட்டுக்குடலில் நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைக்கின்றன. அப்படியும் செல்லுலோசில் மூன்றில் ஒரு பங்குதான் செரிக்கிறது. விட்டதைப் பிடிக்க, முதலில் வெளிவரும் மென்மையான பச்சைக் கழிவை முயலைப் போலத் திரும்பத் தின்னும்.

நீர்ச்செடிக்குத் தன்னைத் தாங்கி நிற்கத் தேவையில்லை, தண்ணீர் தாங்குகிறது. அதனால் மரத்தை விறைப்பாக்கும் லிக்னின் அதில் குறைவு, செரிப்பது எளிது. அடுத்தது உப்பு. கடலிலிருந்து தொலைவில் உள்ள வடகாடுகளில் மர இலையிலும் பட்டையிலும் சோடியம் மிகக் குறைவு. நீர்ச்செடிகளில் பல மடங்கு அதிகம். சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவில் மூஸ் மான்கள் கோடையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று மேய்வதற்கும் இந்த உப்புப் பஞ்சத்தையே காரணமாகச் சொல்வார்கள். மூன்றாவது காரணம் பயம். மரம் வெட்டக் கரையேற வேண்டும், வெட்டும் சத்தம் கேட்கும், பிறகு கிளையை இழுத்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். ஓநாய்க்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அல்லிப் படுகையிலோ ஒரு முங்கு முங்கினால் தீர்ந்தது.

பலவகைத் தீனியையும் முன்னால் வைத்துப் பீவரையே தேர்ந்தெடுக்கவிட்ட சோதனை ஒன்று உண்டு. அதில் முதலிடம் ஆஸ்பென் மரத்துக்கு. இரண்டாவது வெள்ளை அல்லி. அதன் பிறகுதான் ராஸ்பெரி, ஆல்டர், கடைசியாகச் சிவப்பு மேப்பிள். கனடாக் கொடியில் இருக்கும் மேப்பிளுக்கு கனடாவின் தேசிய விலங்கிடம் இவ்வளவுதான் மரியாதை.

இனி செடிகள். வெள்ளை அல்லியில் இலை, காம்பு, பூ, கிழங்கு எல்லாமே போகும். மஞ்சள் அல்லியில் முக்கியமாகக் கிழங்கு. சேற்றில் படுத்து வளரும் இந்தத் தண்டு மனிதர் முன்கைத் தடிமனுக்கு வரும். வாட்டர்ஷீல்டு என்ற சிறிய மிதக்கும் இலைச்செடியின் அடிப்புறம் வழுவழுவென்று கூழ் பூசினதுபோல் இருக்கும், அதை மிக விரும்பும். சம்பில் வசந்தத்தில் வரும் இளந்தண்டின் அடிப்பகுதி, வாழைத்தண்டு போல் வெளுத்த உட்பாகம், பிறகு அதன் கிழங்கு. கோரை வகைகளில் குருத்து. இவை தவிர பாண்ட்வீட், ஆரோஹெட், நீரில் வளரும் குதிரைவால் செடி, சில இடங்களில் பாசிகூட.

குறையும் உண்டு. அல்லி இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அரை கிலோ உலர்பொருள் வேண்டுமானால் ஐந்து கிலோ இலை தின்ன வேண்டும். பட்டையில் பாதி தண்ணீர் என்று வைத்தால் அதே அரை கிலோ ஒரு கிலோவில் கிடைத்துவிடும். கோடை இரவு முழுக்க வாய் ஓயாமல் மெல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

கேள்வி: ஏரி மேலே உறைந்துவிட்டால் அல்லி எங்கே கிடைக்கும்? (மதுரை வாசகர்)

பதில்: இலை கிடைக்காது, கிழங்கு கிடைக்கும். பனிக்கட்டி மேலேதான். அடியில் தண்ணீரும் சேறும் உறையாமல் இருக்கின்றன. வெள்ளை அல்லியும் மஞ்சள் அல்லியும் கோடை முழுதும் இலையில் செய்த மாவுச்சத்தை இலையுதிர் காலத்துக்குள் கிழங்கில் இறக்கி வைத்துவிடுகின்றன. அதாவது பீவர் சேமிக்க வேண்டிய வேலையைச் செடியே செய்து முடித்திருக்கிறது. வீட்டின் நீரடி வாசல் வழியாக இறங்கி, பனிக்கடியில் நீந்திப் போய், முன்கையால் சேற்றைத் தோண்டி, கிழங்கைப் பல்லால் துண்டித்துக்கொண்டு திரும்பும். வெட்டுப்பற்களுக்குப் பின்னால் உதடுகள் இறுக மூடிக்கொள்வதால், தண்ணீருக்கடியில் கடித்தாலும் வாய்க்குள் தண்ணீர் போகாது. மூக்கும் காதும் தாமாக மூடிக்கொள்ளும், கண்மேல் ஒளி ஊடுருவும் ஒரு சவ்வு வந்து விழும். கால் மணி நேரம்வரை மூச்சடக்க முடியும் என்றாலும் பெரும்பாலான முங்கல்கள் சில நிமிடங்களே.

கூடவே தீனிக் குவியலும் உண்டு. இலையுதிர் காலத்தில் வீட்டு வாசலுக்கு எதிரே இதைக் கட்டுவார்கள் – பீவரை "கட்டுவார்கள்" என்று எழுதுவது பழகிவிட்டது, மன்னிக்க. முதலில் தனக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஆல்டர் கிளைகளையும் ஏற்கெனவே பட்டை உரித்த குச்சிகளையும் மிதக்க விடும். அதற்கு அடியில் ஆஸ்பென், வில்லோ போன்ற நல்ல கிளைகளைச் செருகும். மேல்பகுதி பனியோடு சேர்ந்து உறைந்து கூரையாகிவிடும், கீழே இருப்பது கைக்கெட்டும் தூரத்தில் ஈரமாக இருக்கும். கிளைகளுக்கு இடையே அல்லிக் கிழங்குத் துண்டுகளும் செருகியிருப்பதுண்டு.

இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் நீர்மட்டத்தால்தான். குட்டை ஆழமில்லாமல் இருந்தால் பனி தடித்துக் குவியல்வரை இறங்கி, நல்ல கிளைகளையும் சேர்த்துப் பூட்டிவிடும். நடுக்குளிரில் அணை உடைந்தால் இன்னும் மோசம். தண்ணீர் இறங்கிக் கரையோரச் சேறு காற்றுக்கு வெளிப்படும். அல்லிக் கிழங்கு உறைந்து செத்துப்போகும், வசந்தத்தில் அந்தப் பகுதியில் இலையே வராது.

கேள்வி: எங்கள் பண்ணைக் குட்டையின் ஓரத்தில் அன்னாசித் தோல் மாதிரி வடுக்கள் உள்ள கிழங்குத் துண்டுகள் மிதக்கின்றன. பீவரா, மஸ்க்ராட்டா? ஆனால் மரம் ஏதும் வெட்டப்படவில்லை. (ஒன்டாரியோ, பீட்டர்பரோ அருகிலிருந்து)

பதில்: மிதப்பது மஞ்சள் அல்லியின் கிழங்கு. அந்த வடுக்கள் பழைய இலைக்காம்புகள் உதிர்ந்த இடங்கள். துண்டை எடுத்து வெட்டு முகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பல்தடமும் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் அகலமாக, உளியால் செதுக்கினதுபோல் இருந்தால் பீவர். தடம் அதில் பாதிகூட இல்லாமல் நெருக்கமாக இருந்தால் மஸ்க்ராட். அது ஒரு கிலோ எடைக்கு மேல் அதிகம் போகாத சிறிய பிராணி, சம்பைக் கடித்துக் குவித்து வீடும் அதிலேயே கட்டும். பீவர் வீட்டில் கிளையும் சேறும் இருக்கும்.

மரம் வெட்டப்படாததை வைத்து ஏமாறாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பல குட்டைகளில் புதிய வெட்டு ஒன்றுகூட இராது. "பீவர் போய்விட்டது" என்று முடிவுகட்டி செப்டம்பரில் விழித்துக்கொள்பவர்கள் நிறைய. கோடையில் பார்க்க வேண்டிய தடயங்கள் வேறு: அல்லிப் படுகைக்கு நடுவே இலையில்லாத நீர்ப்பாதைகள், நுனி சாய்வாக வெட்டுப்பட்ட காம்புகள், கரையோரச் சேற்றில் வாலால் இழுபட்ட தடம், காலையில் கலங்கிக் கிடக்கும் ஒரே இடத்துத் தண்ணீர்.

கேள்வி: அதே குட்டையில் அல்லி நட்டுவிட்டால் பீவர் எங்கள் பிர்ச் மரங்களை விட்டுவிடுமா? எப்படி நடுவது? (மேற்படி வாசகரே)

பதில்: முதல் கேள்விக்குப் பதில், விடாது. கோடையில் மரத்தின்மேல் பார்வை குறையும், அவ்வளவே. இலையுதிர் காலத்தில் குவியலுக்கும் அணைக்கும் கிளை வேண்டும். மரத்தைக் காக்கக் கம்பி வலைதான் வழி. 5 × 10 செ.மீ. கண்ணுள்ள பற்றவைத்த வலையை மரத்தைச் சுற்றி, பட்டையிலிருந்து 15 செ.மீ. தள்ளி, 1.2 மீட்டர் உயரத்துக்கு நிறுத்துங்கள். உங்கள் பகுதியில் பனி எவ்வளவு குவியுமோ அந்த உயரத்தை இதோடு கூட்டிக்கொள்ளுங்கள், பீவர் பனிமேல் நின்று கடிக்கும். வலையை மரத்தோடு ஒட்டிச் சுற்றுவது வழக்கமான தவறு. கண் வழியாகவே பல் எட்டும், மரம் பருத்தால் கம்பியும் உள்ளே இறங்கும். வலை பிடிக்காதவர்கள் ஒரு லிட்டர் லேடெக்ஸ் பெயின்டில் 150 கிராம் மெல்லிய மணல் கலந்து அடிமரத்தில் அதே உயரத்துக்குப் பூசலாம். பல்லுக்கு மணல் நறநறப்பு பிடிக்காது. மணல் அடியில் தங்கிவிடும் என்பதால் பூசும்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இளங்கன்றுக்கு இது வேண்டாம், வலையே நல்லது.

இனி அல்லி. நர்சரியில் கிடைக்கும் வண்ணக் கலப்பினங்களை விடுங்கள், அந்தப் பகுதிக்கே உரிய வெள்ளை அல்லியை வாங்குங்கள். வேறு ஏரியிலிருந்து பிடுங்கி வராதீர்கள். யூரேசிய மில்ஃபாயில் என்ற வந்தேறி நீர்ச்செடியின் ஒரு விரல் நீளத் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், சில வருடத்தில் குட்டையே அதன் கையில்.

பனி உருகித் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுத்த பின், மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் நடுங்கள். 15 முதல் 20 செ.மீ. நீளமும் நுனியில் உயிருள்ள ஒரு மொட்டும் உள்ள கிழங்குத் துண்டு வேண்டும். கரிசல் போன்ற ஒட்டும் களிமண்ணைச் சிறு சணல் சாக்கில் நிரப்பி, கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து, மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி கட்டி, 30 முதல் 60 செ.மீ. ஆழத்தில் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி. பூந்தொட்டிக்கான பீட் கலவை கூடாது. அது தண்ணீரில் மிதந்து எழும், கிழங்கும் கூடவே வந்துவிடும். மொட்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும்.

அடுத்ததுதான் முக்கியம். நட்டதைச் சுற்றி வேலி போடாவிட்டால் முதல் இலை வந்த வாரமே பீவர் தின்றுவிடும். இலை போனால் கிழங்கில் மாவு சேராது, அடுத்த வசந்தத்தில் முளைக்கத் தெம்பிருக்காது. மேலே சொன்ன அதே வலையைத் தண்ணீருக்கு மேல் 60 செ.மீ. தெரியும்படி இரும்புக் கம்பியில் கட்டுங்கள். அடியில் 30 செ.மீ. வலையை வெளிப்பக்கம் மடக்கிச் சேற்றோடு கல்லால் அழுத்துங்கள். ஏறிக் குதிப்பது பீவரின் பழக்கமில்லை, அடியில் தோண்டி நுழைவதுதான் பழக்கம். மஸ்க்ராட்டும் இருந்தால் கீழ்ப்பாதிக்கு 2.5 செ.மீ. கண்ணுள்ள வலை தேவைப்படும். வாரம் இரண்டு முறை பார்த்து, ஆமையோ வாத்தோ மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு கோடைகள் முடிந்தபின் பாதி வேலியை மட்டும் நீக்குங்கள். மீதிப் பாதி விதைப்பாத்தியாக இருக்கட்டும்.

சம்பு நட வேண்டாம். அது கூப்பிடாமலே வரும். பெருஏரிப் பகுதியில் இப்போது பரவுவது பெரும்பாலும் அகல இலைச் சம்பும் குறுகிய இலைச் சம்பும் கலந்த கலப்பினம், ஒருமுறை பிடித்தால் மற்றதை வாழவிடாது.

கேள்வி: எங்கள் ஏரியின் அல்லி முழுவதையும் இவை தின்று தீர்த்துவிடாதா? (மினசோட்டா வாசகர்)

பதில்: குறைக்கும், அடியோடு தீர்ப்பது அரிது. ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் ஈரநிலத்தின் சில பகுதிகளைப் பீவர் நுழையாதபடி வேலியிட்டு ஒப்பிட்டார்கள். பீவர் மேய்ந்த பகுதியில் நீர்ச்செடிகளின் மொத்த எடை 60 விழுக்காடு குறைவாக இருந்தது. இனக் கலவையும் மாறியிருந்தது. பீவருக்குப் பிடித்த செடி ஒடுங்கியது, பிடிக்காதவை இடம் பிடித்தன.

ஸ்காட்லாந்தின் நாப்டேல் காட்டில் 2009-இல் நார்வேயிலிருந்து கொண்டுவந்த பீவர்களை விட்டு ஐந்தாண்டு கவனித்தபோதும் இதே கதை. ஏரியில் உயர்ந்து நிற்கும் கோரை வகைகளும் குதிரைவால் செடியும்தான் அடிவாங்கின. அரிதான கோரை ஒன்றும் அதில் உண்டு என்பதால் தாவரவியலாளர்கள் கவலைப்பட்டது நியாயம். அல்லி அவ்வளவு எளிதாகப் போவதில்லை. பீவர் சிதறவிடும் கிழங்குத் துண்டில் மொட்டு இருந்தால் கரை ஒதுங்கிய இடத்தில் வேர்விடும்.

தின்கிற கையே வளர்க்கவும் செய்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். அணை கட்டினால் ஓடை நின்று குட்டையாகிறது, நிழல் தந்த மரங்கள் நீரில் நின்று பட்டுப்போகின்றன, வெயில் அடிவரை இறங்குகிறது, வண்டல் படிகிறது. அல்லிக்கு வேண்டியது இவைதான். புதிய குட்டையில் செடி குறைவு, சில வருடம் போன குட்டையில் படுகை தடித்திருக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து வந்து அமெரிக்க நீர்நிலைகளை அடைக்கும் கிளியிறகுச் செடியைப் பீவர் கிட்டத்தட்ட 90 விழுக்காடு குறைத்ததாக இன்னொரு வேலிச் சோதனை காட்டியது. வந்தேறிச் செடிக்கு உள்ளூர்ப் பசி.

கேள்வி: அப்படியானால் நம் கண்மாய்களை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரைக்கு நாலு ஜோடி பீவரைக் கொண்டுவந்து விட்டால் என்ன? (சிவகங்கை வாசகர்)

பதில்: வேண்டாம். அங்கே வந்தேறியைத் தின்றது அந்த மண்ணின் விலங்கு. இங்கே பீவரே வந்தேறியாகிவிடும். 1946-இல் தோல் வியாபாரத்துக்காகக் கனடாவிலிருந்து சில ஜோடிகளை அர்ஜென்டினாவின் தியெரா டெல் ஃபுவேகோ தீவில் விட்டார்கள். வேட்டையாட அங்கே ஓநாயோ கரடியோ இல்லை. சிலியின் பக்கமும் பரவி, இன்றைக்கும் ஒழிக்க முடியாமல் இரு நாடுகளும் செலவழிக்கின்றன. வட அமெரிக்க வில்லோவையும் ஆஸ்பெனையும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். அந்தத் தீவின் லெங்கா மரம் வெட்டுப்பட்டால் அப்படித் துளிர்ப்பதில்லை. தவிர, அடர்ந்த ரோமமும் குளிருக்கான உடம்பும் கொண்ட பிராணி சிவகங்கை வெயிலில் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். ஆகாயத்தாமரைக்கு அதை மட்டுமே தின்னும் கூன்வண்டுகளை 1980-களிலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும், கையால் அள்ளுவதையும் சேர்த்துச் செய்தால்தான் பலன்.

கேள்வி: அணையால் எங்கள் பாதை மூழ்குகிறது. அணையை உடைக்காமல் தண்ணீரை இறக்கினால் அல்லி என்னவாகும்? (ஒட்டாவா அருகிலிருந்து)

பதில்: அணைக்குள் 30 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள நெளிகுழாயைப் பதித்து, குட்டைப் பக்க வாயை ஆழத்தில் கம்பிக் கூண்டுக்குள் வைப்பது வழக்கம். கூண்டின் விட்டம் ஒன்றரை மீட்டராவது இருக்கட்டும், வலைக்கண் 15 செ.மீ. கூண்டு சிறியதாக இருந்தால் தண்ணீர் உறிஞ்சப்படும் இழுப்பைப் பீவர் உணர்ந்து வாயை அடைத்துவிடும். ஒரே தடவையில் 30 செ.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். வீட்டு வாசலருகே ஒரு மீட்டர் ஆழமாவது மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் கீழே புதிதாக இன்னோர் அணை எழும். வேலையை ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் முடியுங்கள். அல்லி மெல்ல மெல்ல ஆழத்தை நோக்கி நகர்ந்துகொள்ளும். அக்டோபரில் இறக்கினால் கரையோரக் கிழங்குகள் வெளியே தெரிந்து உறையும், தீனிக் குவியலும் தரைதட்டும். அனுமதி தேவையா என்று மாகாணச் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தனியாகத் திரிந்த பீவர் குட்டி ஒன்றைக் கண்டோம். அல்லி இலை போட்டால் பிழைக்குமா? கேரட் தரலாமா? (பிராம்டன் வாசகி)

பதில்: இரண்டும் நீங்கள் தரவேண்டாம். பிறக்கும்போது அரை கிலோ அளவே இருக்கும் குட்டி, ஒன்றரை இரண்டு மாதம்வரை பால் குடிக்கும். ஆனால் முதல் சில வாரங்களிலேயே பெரியவை வீட்டுக்குள் கொண்டுவரும் இலையைக் கொறித்துப் பழகும். அந்தப் பழக்கத்தை உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் வில்லோ, ஆஸ்பென் கிளைகளையும் நீர்ச்செடிகளையும் வைத்துத் தொடர்வார்கள். நீந்தத் தொட்டியும் வேண்டும், கழிப்பதே தண்ணீரில்தான். கேரட், ஆப்பிள் போன்ற இனிப்பு அதிகமானால் குருட்டுக்குடலின் நுண்ணுயிர்கள் நிலைகுலைந்து பேதியாகும். கிளை தராவிட்டால் பல் தேயாமல் வளைந்து வளரும். காட்டில் இரண்டு வருடம் பெற்றோருடன் இருக்கும் பிராணி என்பதால் மையத்திலும் அவ்வளவு காலம் ஆகும். உலர்ந்த துணி விரித்த பெட்டியில், இருட்டாகவும் சத்தமில்லாமலும் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். பெட்டி மரத்தால் ஆனதாக இருக்க வேண்டாம்.